டீசல் ஜீப்பில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு

எல்லா வண்டியும் ஓட்டுவேன் என்று சொல்பவனுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு வண்டிதான் ஓட்டத் தெரியும். எனக்குத் தெரிந்தது தஞ்சாவூரில் நான் வைத்திருந்த சின்னப் பெட்ரோல் கார். தினமும் துடைத்து, பார்த்துப் பார்த்து ஓட்டி, ஊரிலேயே ஒழுங்கான டிரைவர் நான்தான் என்று இருந்தேன். (நினைப்புக்கு என்ன குறைச்சல்.)

என் மனைவியின் தம்பி செந்திலுக்கு வலங்கைமானில் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பில் மகன் வீட்டு டீசல் ஜீப்பில்தான் போய் இறங்க வேண்டும், மூத்த மருமகனான நான்தான் ஓட்ட வேண்டும் என்பது மாமனாரின் ஆசை. நெல் மூட்டை ஏற்றும் ஜீப் அது. கழுவிப் பூச்சரம் கட்டியதும் ஆளே மாறிவிட்டது.

"பாத்துங்க மாப்பிள்ளை, பொண்ணு வீட்டுக்காரங்க ஒரு சொல்லு சொல்லிடக் கூடாது" என்றார் மாமனார். "உங்க கார் மாதிரி இத மிதிக்காதீங்க. கிளட்ச்ச விட்டா அதுவா போகும்."

அதெப்படி அதுவாகப் போகும்? என் காரில் ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் கிளட்ச்சை விட்டால் ஒரு விக்கல் விக்கி அணைந்துவிடும்.

எங்கள் பக்கம் மலை கிடையாது; ஏற்றம் என்றால் ஆற்றுப் பாலம்தான். அதற்கே என் கார் கீழ் கியர் கேட்டுக் கத்தும். இந்த ஜீப்போ வண்டி நிறைய ஆட்களோடும் பெட்டிகளோடும், பாலம் வந்ததையே கவனிக்காத மாதிரி நாலாவது கியரில் ஏறி இறங்கியது. வேகத்தில் என் கார் இதை முந்திவிடும், சத்தமும் குறைவு. ஆனால் அது ஓடும், இது இழுக்கிறது. அந்த அதிர்வு ஸ்டீயரிங் வழியாக முழங்கை வரை ஏறியது. வாயைத் திறந்தபடியே வலங்கைமான் வந்து சேர்ந்தேன்.

கோயிலிலிருந்து மண்டபத்துக்கு ஊர்வலம். முதல் கியரில் போட்டுக் கிளட்ச்சை விட்டேன். நிஜமாகவே அதுவாகப் போனது. நாயனக்காரர்களுக்குப் பின்னால், காலே வைக்காமல், தேர் அசைகிற மாதிரி. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பக்கத்தில் மாலையோடு இருந்த செந்திலை விட்டுவிட்டு, ஜனங்கள் என்னைத்தான் பார்க்கிறார்கள் என்று தோன்றியது. (கையைக்கூட ஆட்டினேன்.)

மண்டப வாசலில் குலை தள்ளிய இரண்டு வாழை மரங்கள், நடுவில் ஆரத்தித் தட்டோடு பெண்கள். கிளட்ச்சைத் தொடாமல் பிரேக்கை லேசாக அழுத்தினேன். என் காராக இருந்தால் அந்த இடத்திலேயே அணைந்து நின்றிருக்கும். ஜீப்போ, யாரோ இன்னொரு மூட்டையை ஏற்றிவிட்டதாக நினைத்ததோ என்னவோ, ஒரு உறுமல் உறுமி இன்னும் பலமாக இழுத்தது.

"அத்தான், பிரேக்கு."

"அதத்தான்டா மிதிக்கிறேன்."

"நல்லா மிதிங்க அத்தான்."

பெண்கள் தட்டோடு ஒதுங்கினார்கள். வலது பக்க வாழை மரம் அவசரமே இல்லாமல் நட்ட குழியிலிருந்து பெயர்ந்து சாய்ந்து, குலையோடு பானெட்டில் படுத்தது. அதையும் ஏற்றிக்கொண்டு ஜீப் உள்ளே நுழைந்தது. இரண்டு காலாலும் கிளட்ச்சையும் பிரேக்கையும் சேர்த்து மிதித்தபோது, சந்தனக் கிண்ணம் வைத்த மேஜைக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. இன்ஜின் அப்போதும் அணையவில்லை. அந்த அவமானத்திலும் அதை மெச்சாமல் இருக்க முடியவில்லை.

மாமனார் தலையைக் குனிந்துகொண்டார். பெண்ணின் சித்தப்பா மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மாப்பிள்ளையத்தானே அழைச்சோம்" என்றார். "வண்டி எதுக்கு உள்ள வருது?"

முதலில் சிரித்தது மணப்பெண்தான். மாமனார் நிமிர்ந்தது அதற்கப்புறம்தான்.

போன மாதம் பெண் வீட்டில் செந்தில் மனைவிக்கு வளைகாப்பு. சித்தப்பா என் மனைவிக்குப் போன் செய்தார்.

"உங்க வீட்டுக்காரர் பெட்ரோல் வண்டியில வர்றாரா, டீசல்லயாம்மா?"

"ஏன் சித்தப்பா?"

"வாழை நட ஆள் வந்திருக்கான். குழி எவ்வளவு ஆழம்னு கேக்குறான்."