சில்லறையும் இரண்டு விசிலும்

அரூரில் கடற்கரை இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவள் நான். விடிந்தால் ஆயிரம் பேர் அங்கே காற்று வாங்குகிறார்கள். அலைச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது.

சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். ஆயிரம் பேர் இல்லை, முப்பது பேர். அலை இல்லை. உண்மையைச் சொன்னால் கடலே இல்லை. எங்கள் மாவட்டத்துக்காரர்கள் உப்புத் தண்ணீரில் கால் நனைக்க வேண்டுமானால் ஐந்து மணி நேரம் பஸ்ஸில் குலுங்க வேண்டும். இருப்பது ஓர் ஏரி. மூன்று வருடத்துக்கு முன் அதன் கரையில் சிமெண்டுக் கல் பதித்து, பெஞ்சு போட்டு, விளக்குக் கம்பம் நட்டார்கள். மறுநாளே ஊர் அதை ‘பீச்’ ஆக்கிவிட்டது. சுண்டல்காரர் வந்தார், பலூன்காரர் வந்தார். மழை பெய்த வருடம் அதில் தண்ணீர் நிற்கும், பெய்யாத வருடம் கிரிக்கெட் நடக்கும். பெயர் மட்டும் பீச்தான்.

எந்தக் கடற்கரையிலும் ஏதாவது ஓர் உயிரினம் கரை ஒதுங்குமல்லவா? எங்கள் பீச்சில் ஒதுங்கியிருப்பதற்கு நான் வைத்திருக்கும் பெயர் ஓயாத ஓய்வாளர்.

இந்த இனத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மாலை போட்டு, மேடையில் நாலு பேர் அழுது, சுவர்க்கடிகாரம் ஒன்றைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிய பிறகும், வேலை தன்னை விட்டுப் போய்விட்டது என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளாதவர்கள். எங்கள் கரையில் பத்திரப் பதிவு ஆபீசிலிருந்து வந்தவர் ஒருவர் இருக்கிறார். அவர் எதிரில் ‘நேற்று நல்ல மழை’ என்று சொன்னால், பார்த்தவர் இரண்டு பேர் உண்டா என்று கேட்பார். நர்ஸாக இருந்த அம்மாள் ஒருவர் வணக்கம் சொல்வதற்கு முன் உங்கள் கீழிமையை இழுத்துப் பார்த்து ‘ரத்தம் பத்தாது’ என்பார். என் நடைத்தோழி குல்ஷன் நாற்பது வருடம் கச்சேரிமேட்டுப் பக்கம் தன் வீட்டுக்காரரின் துணிக்கடையில் உட்கார்ந்திருந்தவள். கடை மகன் கைக்குப் போய் ஏழு வருடமாகிறது. இன்னும் என் முந்தானையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்க்காமல் அவளால் ஒரு வாக்கியம் பேச முடியாது. இழை பிடித்திருந்தால் பேச்சு நீளும். பிடிக்காவிட்டால் சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடுவாள்.

இதெல்லாம் சாதாரண ரகம். முதல் பரிசு ரகம் என் வீட்டிலேயே வளர்கிறது.

என் வீட்டுக்காரர் திருமால் முப்பத்தொரு வருடம் அரசு பஸ்ஸில் கண்டக்டர். ஓய்வு பெற்ற முதல் ஆறு மாதம் அவர் செய்த ஒரே காரியம், வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தது. பஸ் போகும். ‘நாலு நிமிசம் லேட்டு’ என்பார். அடுத்தது போகும். ‘இவன் ரெண்டு நிமிசம் முன்னாடி எடுத்துட்டான், ஆஸ்பத்திரி ஸ்டாப்புல ஜனம் நின்னுட்டு இருக்கும்’ என்பார். சாப்பாடு இறங்கவில்லை. பேச்சும் குறைந்தது. அப்போதுதான் ஒரு மழை நாளில் எங்கள் கேட்டுக்கு அடியில் நுழைந்து வந்தது ஒரு நாய்க்குட்டி. தாய் தெரு நாய்; தகப்பன் யாரென்று ஊருக்குத் தெரியாது, காலின் நீளத்தைப் பார்த்தால் ஏதோ வேட்டை நாயாகத்தான் இருக்க வேண்டும். அவர் அதற்குச் ‘சில்லறை’ என்று பெயர் வைத்தார். பின்னே, தொழில் நடந்த காலம் முழுவதும் அவர் நாக்கில் இருந்த சொல் வேறென்ன?

குட்டி வந்த மறுநாள் பீரோவிலிருந்து பழைய விசிலை எடுத்தார்.

உங்களுக்குத் தெரியும், பஸ்ஸுக்கு விசில் ஒன்று என்றால் நில், இரண்டு என்றால் போ. சில்லறைக்கும் அதே சட்டம். ஒன்று ஊதினால் உட்கார வேண்டும், இரண்டு ஊதினால் கிளம்ப வேண்டும். விட்டு விட்டு ஊதினால் பின்னால் நடக்க வேண்டும் என்றும் பாடம் எடுத்தார். அது மட்டும் வரவில்லை, ரிவர்ஸ் வராத டிரைவரையே தான் பார்த்திருப்பதாகச் சொல்லி நாயை மன்னித்தார். காலை ஐந்து பத்துக்கு முதல் டிரிப். ஏரிக்கரையை ஸ்டேஜ் ஸ்டேஜாகப் பிரித்து வைத்திருந்தார்: முதல் பெஞ்சு, புங்கமரம், சுண்டல்காரர் இடம், மதகு. மதகோடு திரும்பிவிடுவார். ஒவ்வொரு ஸ்டேஜிலும் ஒரு நீள விசில், நாய் உட்காரும், இவர் நின்று யாராவது ஏறுகிறார்களா என்று சுற்றிலும் பார்ப்பார், பிறகு இரண்டு விசில், நாய் பாயும், கயிற்றின் இந்த முனையில் இவர் பறப்பார். ‘சில்லறை! சில்லறை!’ என்று அவர் கத்தும்போதெல்லாம் நடக்கிறவர்கள் தங்கள் சட்டைப்பையைத் தொட்டுப் பார்ப்பார்கள். நாயை நடத்திக்கொண்டு போவதாக அவர் நினைப்பு. பார்த்தவர்களுக்குத் தெரியும் யார் யாரை நடத்தியது என்று.

ஆனால் ஒன்று. மனிதர் மறுபடி சாப்பிட ஆரம்பித்தார். கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதை விட்டார். அதற்காக அந்த விசில் சத்தத்தை நான் பொறுத்துக்கொண்டேன்.

வினை எங்கே வந்தது? போன மாதம் ஒரு நாள் காற்று நன்றாக இருக்கிறதென்று மதகைத் தாண்டி, கரையின் கடைசி வரை போனார். அங்கே நின்று செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தவரை, சும்மா உட்கார்ந்திருந்த நாய் திடீரென்று இழுத்துக்கொண்டு ஓடியது. விழுந்தார். மணிக்கட்டு எலும்பில் விரிசல். ஏன் ஓடியது? அணில் என்றார் ஒருவர், பாம்பு என்றார் இன்னொருவர். நர்ஸம்மாள் நாயின் கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு ‘ரத்தமெல்லாம் சரியாத்தான் இருக்கு’ என்றார்.

ஓசூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் தேவிப்பிரியா போனிலேயே தீர்ப்பு எழுதிவிட்டாள். நாயை அனுப்பிவிட வேண்டியது. சித்தேரி மலையிலிருந்து எங்களுக்குச் சாமையும் தேனும் கொண்டுவரும் காளி, காட்டுப்பன்றி வயலை மேய்கிறது, காவலுக்கு ஒரு நாய் வேண்டும் என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப் போகச் சொல்லிவிட்டாள்.

என் வீட்டுக்காரர் மறுநாள் காலை மறுபடியும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பஸ் போயிற்று. நேரம் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. நானே மகளைக் கூப்பிட்டு, ஒரே ஒரு பரீட்சை வை, அதில் தோற்றால் அனுப்பு என்றேன். ஒப்புக்கொண்டாள், கேள்வித்தாள் மட்டும் கடுமை. கரையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடக்க வேண்டும், கயிறு தொய்வாக இருக்க வேண்டும், கயிற்றை நல்ல கையில் பிடிக்கலாம், சுற்றிக்கொள்ளக் கூடாது.

ஞாயிறு காலை. தேவிப்பிரியா கையைக் கட்டிக்கொண்டு நடக்கிறாள். காளி தோளில் ஒரு தாம்புக் கயிறோடு நடக்கிறார். பின்னால் நானும் குல்ஷனும். முதல் பெஞ்சில் ஒரு விசில், சில்லறை உட்கார்ந்தது. புங்கமரத்தில் அணிலே குறுக்கே ஓடியது. சில்லறை அதை ஒரு பார்வை பார்த்தது, அவ்வளவுதான், அசையவில்லை. சுண்டல்காரர் இடத்தில் சுண்டலே கீழே கிடந்தது; எச்சில் ஒழுகியது, எழவில்லை. மதகைத் தாண்டும்போது என் வீட்டுக்காரருக்குக் கழுத்து இரண்டு அங்குலம் உயர்ந்திருந்தது. கடைசி முனை வந்தது. கயிறு தொய்வுதான். மகள் கைக்கட்டை அவிழ்த்து, “பரவால்லப்பா” என்று வாயெடுத்தாள்.

கரைக்குக் கீழே ரோட்டில் திருவண்ணாமலை பஸ் நின்றுகொண்டிருந்தது. ஆள் ஏறி முடித்ததும் கண்டக்டர் ஊதினார், இரண்டு விசில்.

பஸ் கிளம்பியது. சில்லறையும் கிளம்பியது.

சுற்றாத கயிறு கையிலிருந்து உருவிக்கொண்டு போயிற்று. சரிவில் இறங்கி, ரோட்டில் ஏறி, பஸ்ஸின் பக்கத்திலேயே, அதற்கும் ஒரு பர்மிட் இருப்பதுபோல, காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு ஐந்து கிலோமீட்டர் ஓடியது. சரி, நூறு அடி. என் வீட்டுக்காரர் “சில்லறை! சில்லறை!” என்று கத்திக்கொண்டு சரிவில் இறங்கினார். படியில் நின்ற கண்டக்டர், ஏதோ பெரியவர் பாக்கி வாங்காமல் இறங்கிவிட்டார் போலிருக்கிறது என்று அவசர அவசரமாகப் பையைத் துழாவினார். எதிரில் லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது.

அப்போது என் வீட்டுக்காரர் ஓடுவதை நிறுத்தினார். முப்பத்தொரு வருட மூச்சையும் சேர்த்து இழுத்து, நீளமாக ஒரே ஒரு விசில் ஊதினார்.

நாய் நடுரோட்டில் உட்கார்ந்தது. பஸ்ஸும் நின்றது. எதிரில் வந்த லாரிகூட வேகத்தைக் குறைத்து ஒதுங்கிப் போயிற்று.

கண்டக்டர் முருகேஷ் சண்டைக்கு இறங்கி வந்தார். “யாருய்யா ஊதுனது?” என்றவர் ஆளைப் பார்த்ததும் குரலை மாற்றினார். “அண்ணே, நீங்களா? ரிட்டயராயி நாலு வருசமாச்சு, இன்னும் எறங்கலியா நீங்க?”

அந்த நிமிடத்தில்தான் எங்கள் எல்லோருக்கும் விளங்கியது. அணிலும் இல்லை, பாம்பும் இல்லை, அன்றைக்கும் பஸ் விசில்தான். தமிழ்நாட்டில் ஓடுகிற அத்தனை பஸ்ஸுக்கும் பொதுவான கட்டளையை ஒரு நாய்க்குக் கற்றுக்கொடுத்தால் அது யார் சொல்வதைக் கேட்கும்? எல்லோர் சொல்வதையும் கேட்கும். இப்படி ஒரு தப்பைச் செய்ய ஒரு கண்டக்டரால்தான் முடியும்.

முதலில் பேசியவர் காளி. தாம்புக் கயிற்றைத் தோளில் சரிசெய்துகொண்டு என் பக்கம் திரும்பினார். “எனக்கு வேணாமுங்க டீச்சரம்மா. எங்க மலைக்கு வர்ற பஸ்ஸே ஒண்ணு ரெண்டு. இது அதையும் தொரத்திக்கிட்டுப் போயிட்டா நாங்க நடந்துதான் எறங்கணும்.”

மகள் சிரிக்கவில்லை. அப்பாவுக்கு எதிரில் வந்து நின்று கையை நீட்டினாள். “நாய் மேல தப்பில்ல. அது சொன்ன பேச்சக் கேக்குது. நாய் இங்கயே இருக்கட்டும், விசில எங்கிட்ட குடுங்க.”

அவர் விசிலைப் பார்த்தார். அதன் வாய்ப்பக்கத்தில் பல் பட்டுப் பட்டுத் தேய்ந்த பள்ளம் இருக்கும். நாயைப் பார்த்தார். அது நடுரோட்டில் இன்னும் உட்கார்ந்திருந்தது. தேவிப்பிரியா கூப்பிட்டாள், வரவில்லை; கயிற்றைப் பிடித்து இழுத்தாள், அசையவில்லை. இரண்டு விசில் கொடுக்காமல் அது எப்படி எழும்? பஸ் நிற்கும்போது இரண்டு விசில் கொடுத்தால் டிரைவர் கிளம்பிவிடுவார், பஸ்ஸோடு இதுவும் போய்விடும். முருகேஷுக்கும் புரிந்தது. தன் விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, படியில் ஏறி, பஸ்ஸின் பக்கவாட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். பஸ் விசில் இல்லாமலே போயிற்று. ரோடு காலியான பிறகு என் வீட்டுக்காரர் இரண்டு விசில் ஊதினார், பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்காத அளவுக்கு. சில்லறை எழுந்து வந்து அவர் முழங்காலில் சாய்ந்தது. விசிலை வேட்டியில் துடைத்து மகள் கையில் கொடுத்துவிட்டு, “மணி ஆறு அம்பது. அவனுக்கு ஏழு நிமிசம் லேட்டு நம்மளால” என்றார்.

இப்போது சில்லறைக்குத் தட்டுப் பாஷை. தொடையில் ஒரு தட்டு என்றால் நில், இரண்டு என்றால் போ. சுமாராக வருகிறது. கொசு அடித்தால்தான் குழப்பம்.

ஆகவே, படிக்கிற நீங்களும் ஒரு முறை உங்களைத் தட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். பேரன் தண்ணீர் கேட்டால் ‘மனு எழுதிக் கொடு’ என்கிறீர்களா? மருமகள் வைத்த ரசத்துக்கு மனசுக்குள் மார்க் போடுகிறீர்களா? கல்யாண வீட்டில் பந்தி வரிசையைப் பார்த்ததும் டோக்கன் கொடுக்கக் கை பரபரக்கிறதா? அப்படியானால் உங்களுக்கும் எங்கள் பீச்சில் ஒரு பெஞ்சு காலியாக இருக்கிறது. இந்த வியாதி அண்டாதவள் எங்கள் கரையில் நான் ஒருத்திதான். முப்பத்து நாலு வருடம் பெண்கள் பள்ளியில் தமிழ் நடத்தினேன். ஓய்வு பெற்ற அன்றே சாக்பீஸ் டப்பாவை மூடினேன், அதற்குப் பிறகு மனிதரையோ மிருகத்தையோ யாரையும் அதட்டி உட்கார வைத்ததில்லை. அந்த விசிலும் ஓசூரில் தேவிப்பிரியாவின் பீரோவுக்குள் பத்திரமாகப் பூட்டிக் கிடக்கிறது.

இதுவரை எழுதியதை மதகுப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து குல்ஷனுக்கு வாசித்துக் காட்டினேன். வழக்கம்போல் என் முந்தானையை இரண்டு விரலால் தேய்த்துக்கொண்டே கேட்டவள், நுனியில் இருந்த முடிச்சுக்கு வந்ததும் தேய்ப்பதை நிறுத்தினாள்.

“பீரோவுல இல்லீங்க டீச்சர், உங்க பொண்ணு உங்ககிட்டயே குடுத்துட்டுப் போன விசிலு இந்த முடிச்சுல இருக்குது. அதயும் சேத்து எழுதிடுங்க. நேத்து காத்தால நீங்க ஊதுன ஊதுல சில்லறை மட்டுமா ஒக்காந்துச்சு? உங்க வூட்டுக்காரரும்தான் ஒக்காந்தாரு.”