நீரூற்று வைத்த வீடு விற்பனைக்கு

வீடு வாங்க வந்த மஹபூப் பாஷா வீட்டைப் பார்க்கவே இல்லை. முன்னால் கிடந்த வெற்றுத் தரையை மட்டும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்துவிட்டுத் திருப்தியாகச் சிரித்தார்.

"எடம் தோதா கீதுண்ணே. டெம்போவ உள்ளயே திருப்பலாம். அண்டா குண்டானெல்லாம் கழுவி இங்கியே காயப் போட்டுடலாம். நீங்க கேட்டத குடுத்துடறேன்."

பாஷா உத்திரமேரூர் பஜாரில் கல்யாணப் பாத்திரம் வாடகைக்கு விடுகிறவர். வாக்கு மாறாத மனிதர். ஆனால் அவர் இப்படிச் சொன்னதுமே வீட்டுக்காரர் தாண்டவராயன் முகம் தொங்கிப் போய்விட்டது. டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். சில்லறை பாக்கியைக் கேட்காமல் இறங்கிப் போகும் பயணியைக்கூட நம்பாதவர். ஒரு மனுஷன் பேரமே பேசாமல் கேட்டதைத் தருகிறான் என்றால், நாம் குறைத்துக் கேட்டுவிட்டோம் என்றுதானே அர்த்தம்?

"நாளைக்கு சொல்றேன் பாய்" என்று அனுப்பி வைத்தார்.

"நாளைக்கு இன்னாத்துக்கு?" என்றாள் மனைவி அம்முலு. "குடுக்கற மனுசன் வாசல்ல வந்து நின்னாரு. வாய்ல இன்னா கொழுக்கட்டையா?"

அவள் அவசரம் அவளுக்கு. மகள் ஜீவா பல்லாவரத்தில் முழுகாமல் இருந்தாள். இந்த வீட்டை விற்று, மகள் தெருவிலேயே ஒரு சின்ன ஃப்ளாட் வாங்கி, பிரசவத்துக்கு முன்பே குடிபோய்விட வேண்டும் என்பது ஏற்பாடு. பேரப்பிள்ளையைத் தினமும் தூக்கிவைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை அவளைவிடத் தாண்டவராயனுக்குத்தான் அதிகம். ஆனால் ஒரகடம் பக்கம் கம்பெனிகள் வரத் தொடங்கி, ஜில்லா முழுவதும் மனைப் பித்துப் பிடித்திருந்த காலம் அது. அதில் கொஞ்சம் அவரையும் தொற்றிக்கொண்டது.

தொற்ற வைத்தவன் புரோக்கர் கன்னியப்பன். சட்டைப்பையில் ஒரு செல்போன், கையில் ஒரு செல்போன், வாயில் பாக்கு.

"பாயிக்கு குடுத்துடாதண்ணே. மெட்ராஸ் பார்ட்டிங்க வந்துகினே கீறாங்க. அவங்க வூட்ட பாக்க மாட்டாங்க, வெளிய தான் பாப்பாங்க. முன்னாடி பச்சையா புல்லு இருந்துச்சின்னு வெச்சிக்கோ, கண்ண மூடிக்கினு வாங்குவாங்க."

"வெறும் புல்லுக்கா?"

"புல்லு இல்லண்ணே, லான். இங்கிலீஷ்ல சொன்னாலே வெல ஏறும்."

நர்சரியிலிருந்து புல்லைப் பாய் பாயாகச் சுருட்டிக்கொண்டு வந்து இறக்கினார்கள். கத்திரி வெயிலில் தெருவே காய்ந்து கிடந்தபோது, தாண்டவராயன் வாசல் மட்டும் நெல் நாற்று விட்டதுபோல் பளபளத்தது. தெரு ஆடுகள் தங்கள் பிரார்த்தனை பலித்துவிட்டதாக நினைத்து மொத்தமாக வந்து சேர்ந்தன. ஆட்டுக்காக வேலி போட்டார். வேலி போட்டதால் கேட் வைத்தார். மிஞ்சியிருந்த புல்லுக்குக் கிணற்று மோட்டார் காலையிலிருந்து ஓடியதில், அம்முலு குளிக்கப் போகும்போது கிணறு சேறு காட்டியது.

மஹபூப் பாஷா மறுபடி வந்தார். கேட்டைப் பார்த்தார், புல்லைப் பார்த்தார், நடுவில் நடந்துபோக மட்டும் பதித்திருந்த கல்லைப் பார்த்தார்.

"டெம்போவ எங்கண்ணே வுடறது? அண்டாவ தலமேல தூக்கிக்கினு இந்தக் கல்லு மேல கால் வெச்சி போவணுமா?"

அந்த வாரமே அவர் சாலவாக்கம் ரோட்டில் வேறு இடம் பேசி முடித்தார்.

"போனா போறாருண்ணே" என்றான் கன்னியப்பன். "ஞாயித்துக்கிழமை பார்ட்டி வராங்க."

சொன்னபடியே ஒரு கார் வந்தது. ஆனால் கன்னியப்பன் அவர்களைக் கேட்டுக்குள் அழைத்து வரவில்லை. எதிர்வீட்டு வாசற்படியில் ஏற்றி நிறுத்திக் கையை நீட்டி நீட்டி விளக்கினான். எதிர்வீடு பல வருஷமாகப் பூட்டிக் கிடப்பது. சொந்தக்காரர் வடக்கே எங்கோ வேலையில் இருந்தார். சுவரோரம் கருவேல முள் மண்டிக் கிடந்தது.

"உள்ள கூட்டினு வரலியா?" என்று பிறகு கேட்டார் தாண்டவராயன்.

"அங்க நின்னா தாண்ணே உன் வாசல் முழுசா தெரியுது. போட்டோ ஸ்டூடியோல மூஞ்சிகிட்டயா நின்னு எடுக்கறான்? அவங்களுக்கு ரொம்பப் புடிச்சிப்போச்சு. ஒண்ணே ஒண்ணு தான் கொற. ஃபவுண்டன் இல்லியான்னு கேட்டாங்க."

மொட்டை மாடி ஒழுக்கை அடைக்கவென்று ஒதுக்கி வைத்திருந்த பணம் ஃபவுண்டனுக்குப் போனது. மாடியை யாரும் ரோட்டிலிருந்து பார்க்கப் போவதில்லை என்பது தாண்டவராயன் வாதம். அது நியாயமாகத்தான் அவருக்குப் பட்டது.

குடத்தைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றும் ஒரு பெண் சிலை நடுவில் வேண்டும் என்று கொத்தனார் செங்கேணியிடம் சொன்னார். செங்கேணி கோபுர வேலை செய்து பேர் வாங்கியவர். வேலை முடிந்து திரையை விலக்கியதும் தாண்டவராயன் ஓர் அடி பின்வாங்கினார்.

"இன்னா செங்கேணி, மொறைக்குது?"

"கோயில் வேல செஞ்ச கைண்ணே. கண்ணு தன்னால முழிச்சிக்குது. தூரத்துல இருந்து பாரு, சாந்தமா கீறா."

தூரத்திலிருந்து பார்த்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஆடி பிறந்ததும் முதல் வெள்ளிக்கிழமை யாரோ குங்குமம் வைத்தார்கள். அடுத்த வெள்ளிக்கு எலுமிச்சம்பழ மாலை வந்தது. அதற்கடுத்த வெள்ளி, தெருப் பெண்கள் கேட்டுக்கு வெளியே செருப்பை விட்டுவிட்டு, புல்லின்மேல் அடுப்பு மூட்டிக் கூழ் காய்ச்சினார்கள். வேண்டாம் என்று சொல்லத் தாண்டவராயனுக்கும் பயம். இரண்டு சொம்பு வாங்கிக் குடித்தார்.

அந்த நேரம் பார்த்து உள்ளூர்ப் பள்ளிக்கூட வாத்தியார் சுப்பிரமணி வீடு கேட்டு வந்தார். சென்னை விலை இல்லையென்றாலும், ஃப்ளாட்டுக்குப் போதும் என்கிற விலை சொன்னார். பத்திரம்வரை பேசிவிட்டு வெளியே வந்தவர், சிலைக்குத் தெருப் பெண்கள் கற்பூரம் காட்டுவதைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"அம்மன் குடியிருக்கற எடமா? நாங்க ஞாயித்துக்கிழம கறி ஆக்கறவங்க. நமக்கு ஒத்து வராதுங்க."

"அது சாமி இல்ல சார். ஃபவுண்டன்."

"அப்படிச் சொல்லாதீங்க. அவ காதுல விழுந்துறப் போவுது."

வாத்தியார் சுற்றி வந்து, தொட்டியில் ஒரு நாணயத்தைப் போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

சிலையை இடித்துவிடு என்றதும் செங்கேணி கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "கும்புட்ட செலைய ஒடைக்க மாட்டேன். வேணும்னா கண்ண மூடி வுட்டுடறேன்." சிமெண்ட் பூசிக் கண்ணை மூடினார். அம்மன் தவத்தில் உட்கார்ந்துவிட்டாள் என்று சேதி பரவி, திருமுக்கூடலிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள்.

கன்னியப்பன் மட்டும் கலங்கவில்லை. "ஜனம் வந்தா எடத்துக்கு மவுசுண்ணே. ஒரு காரியம் பண்ணு. கலர் லைட்டு போடு, ரெண்டு பெஞ்சி போடு. சாயங்காலம் ஆறுல இருந்து ஒம்போது வரிக்கும் ஓடட்டும். பார்ட்டிங்க ஆபீஸ் முடிச்சிட்டு தான் வராங்க."

லைட் வந்தது, பெஞ்சும் வந்தது. கார்களும் அடிக்கடி வந்தன. இருட்டில் எதிர்வீட்டு வாசலில் நிற்கும் ஆட்களில் யாரோ "பியூட்டிஃபுல்" என்று சொல்வது தாண்டவராயன் காதில் தேனாய்ப் பாய்ந்தது. தன் வீட்டை ஊரே மெச்சுகிறது என்ற பூரிப்பில், அவர்களில் ஒருவர்கூட இன்னும் தன் வீட்டு நிலைப்படியைத் தாண்டவில்லை என்பது அவருக்கு உறைக்கவில்லை. உறைத்தபோதெல்லாம் கன்னியப்பன், "அடுத்த தடவ உள்ள தாண்ணே" என்றான்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கூடத்தில் நான்கு இடத்தில் குண்டான் வைத்தாயிற்று. அம்முலு துணிமணிகளைப் பையில் அடுக்கினாள்.

"வெளிய காசு குடுத்து தண்ணி ஊத்தற. உள்ள சும்மாவே ஊத்துது. இதையும் அந்த பார்ட்டிகிட்ட காட்டு. நான் என் பொண்ணுகிட்ட போறேன்."

"இன்னும் ஒரு வாரம், அம்முலு."

"ஒரு வாரம் ஒரு வாரம்னு வவுத்துல கீற புள்ளயே வெளிய வரப்போவுது. நீ ஃபவுண்டன கட்டிக்கினு இரு."

பேத்தி பிறந்தாள். தாண்டவராயன் ஒரே ஒரு பகல் போய்ப் பார்த்துவிட்டு, சாயங்காலம் பார்ட்டி வந்தால் லைட் போட ஆள் வேண்டுமே என்று மடியிலிருந்த குழந்தையை இறக்கிவிட்டு பஸ் ஏறினார். அன்று ராத்திரி கலர் விளக்கில் தண்ணீர் சிவப்பாகவும் பச்சையாகவும் ஊற்றிக்கொண்டிருந்தபோது அவருக்கு அழுகை வந்தது. பிடிவாதத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டார். திட்டிவிட்டு ஒன்பது மணிவரை ஓடவிட்டுத்தான் நிறுத்தினார்.

தை பிறந்ததும் எதிர்வீட்டுப் பூட்டு திறந்தது. கருவேலத்தை வெட்டினார்கள், வெள்ளை அடித்தார்கள், வாசற்படியை அகலப்படுத்திச் சாய்வு நாற்காலிகளை வரிசையாகப் போட்டார்கள். பாழடைந்த வீட்டை எந்த ஏமாளியோ வாங்கியிருக்கிறான் என்று தாண்டவராயன் பரிதாபப்பட்டார். கூடவே ஒரு கணக்கும் போட்டார்: எதிரில் முள் போய் நல்ல வீடு வந்தால் நம் வீட்டு விலை ஏறும்தானே? இந்தச் சந்தோஷத்தைச் சொல்ல கன்னியப்பனுக்கு போன் செய்தார். இரண்டு செல்போனும் அணைந்திருந்தன.

அந்தச் சலிப்பில் அன்று ஏழு மணிக்கே மோட்டாரை நிறுத்திவிட்டுப் படுத்துவிட்டார்.

மறுநாள் காலையில் எதிர்வீட்டம்மாள் கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். சென்னைக்காரி. கையில் வாழைப்பழமும் கேசரியும் வைத்த தட்டு.

"நேத்து விடியக்காலைல பால் காய்ச்சினோம் சார். உங்களைக் கூப்பிடலாம்னு பார்த்தா கேட் பூட்டியிருந்துச்சு. தப்பா நினைக்காதீங்க."

"பரவால்லம்மா" என்று தட்டை வாங்கிக்கொண்டார் தாண்டவராயன். "எல்லாம் வசதியா கீதா?"

"எல்லாம் வசதிதான் சார், ஒண்ணே ஒண்ணு. நேத்து ஏழு மணிக்கே ஃபவுண்டனை நிறுத்திட்டீங்களே? புரோக்கர் கன்னியப்பன் ஒவ்வொரு தடவையும் எங்களை எங்க வாசப்படியில நிக்க வச்சு, தினமும் ஒம்போது வரைக்கும் ஓடும்னு காட்டித்தானே இந்த வீட்டை எங்களுக்கு வித்தார்?"