கரண்ட் போன பிறகும் தெரிந்த சிவப்பு வட்டம்

எல்லாவற்றையும் திட்டமிட்டே செய்கிறவர்களிடம் ஒரு கோளாறு உண்டு. வீடு தீப்பற்றினாலும், அட்டவணையில் அந்த நேரத்துக்குத் துணி மடிப்பு என்றிருந்தால் மடித்துக்கொண்டிருப்பார்கள். நான் அந்த ரகம்.

எம்.சி.ஏ. முடித்த கையோடு, காளவாசல் பக்கம் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் ஆசிரியையாகச் சேர்ந்தேன். இரண்டாயிரங்களின் தொடக்கம். முதல் வருடம் தற்காலிகம். பிரின்சிபால் மேடம் பின்பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வகுப்பைப் பார்த்து, நல்ல மதிப்பெண் போட்டால்தான் நிரந்தரம். இல்லையென்றால் வீட்டில் காத்திருந்த மாப்பிள்ளை வரிசை நகரத் தொடங்கும். (வரிசையில் முதலில் நின்றவர், கம்ப்யூட்டர் படித்த பெண்ணுக்கு ரசம் வைக்க வருமா என்று கேட்டு அனுப்பியவர்.)

மேடம் எந்த வகுப்புக்கு என்றைக்கு வருவார் என்பது ஒரு வாரம் முன்பே அறிவிப்புப் பலகையில் வந்துவிடும். என் பெயரைப் பார்த்ததும் வரலாறு எடுக்கும் சரசு டீச்சர் காதோடு சொன்னார்.

"பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்து வச்சிரு தாயி. நாங்க அம்புட்டுப் பேரும் அப்படித்தேன். பானிப்பட்டுப் போரை எடுத்து முடிச்சு மாசக்கணக்காச்சு. மேடம் வந்தா மட்டும் மறுபடி நடக்கும்."

நான் சொல்லிக் கொடுப்பதோடு நிற்கவில்லை. கேள்விகள், பதில்கள், யார் கை தூக்குவது, நான் எப்போது சிரிப்பது எல்லாம் தயார். இயல்பாக இருக்க வேண்டுமே என்று ஒரு தவறான பதிலையும் சேர்த்தேன். அதற்கு முத்துச்செல்வி என்ற ஆறாம் வகுப்புப் பெண்.

அந்த நாள் வந்தது. செருப்பைக் கம்ப்யூட்டர் அறை வாசலில் விட்டுவிட்டு மேடம் பின்னால் போய் உட்கார்ந்தார். வட்டம் வரையும் புரோகிராமை ஓட்டினேன். திரைகளில் சிவப்பு வட்டம் வரத் தொடங்கிய நொடியில் கரண்ட் போனது. யு.பி.எஸ். ஒருமுறை கீச்சிட்டு உயிரை விட்டது. நான் அதைக் கவனித்தேன். என் வாய் கவனிக்கவில்லை.

"திரையில என்ன தெரியுது?"

"சிவப்பு வட்டம் மிஸ்!" என்றது மொத்த வகுப்பும், இருண்ட திரைகளைப் பார்த்து.

முத்துச்செல்வி எழுந்தாள். "இல்ல மிஸ், பச்சைச் சதுரம்."

நான் கனிவாகச் சிரித்தேன். (அட்டவணைப்படி.) "நல்லாப் பாரும்மா. அது சதுரமாவா இருக்கு?"

"அட ஆமா மிஸ், வட்டந்தேன்!"

வகுப்பு கைதட்டியது. அதுவும் ஒத்திகையில் இருந்ததுதான்.

மேடம் எழுந்து அவள் பக்கத்தில் வந்தார். "நெசமா என்னத்தா தெரியுது?"

"ஒண்ணுமே தெரியல மேடம். ஆனா நீங்க வந்தா இதைத்தேன் சொல்லணும்."

மேடத்தின் அறைக்குப் போகும்போதே மனதுக்குள் ரசத்துக்குப் புளி கரைத்துவிட்டேன்.

"கரண்டு போனதும் ஏம்மா நிறுத்தல?"

"நிறுத்தினா அடுத்து என்ன செய்யிறதுன்னு தெரியல மேடம்."

அவர் சிரிக்காமலிருக்கப் பெரும்பாடுபட்டது தெரிந்தது. பிறகு முகம் மாறியது. "நாள் குறிச்சுச் சொல்லிட்டு வாரேன். வந்து மார்க்கும் போடுறேன். நாடகம் போடாம நீங்க வேற என்ன செய்வீங்க? தப்பு என் மேலயும் இருக்கு. நாளைக்கு என் கணக்கு வகுப்புக்கு வாங்க. எங்கெங்க சொதப்புறேன்னு பார்த்துச் சொல்லுங்க."

போனேன். பலகையில் ஒரு கணக்கில் மேடம் குறியை மாற்றிப் போட, பிள்ளைகள் "மேடம், மைனஸ்!" என்று கத்தினார்கள். "நல்லவேளை சொன்னீங்க," என்று அழித்து எழுதினார். ஒருவரும் பயப்படவில்லை. ஒரு வகுப்பு அப்படியும் நடக்கலாம் என்று அன்றுதான் பார்த்தேன்.

அதன்பின் அறிவிப்பும் மதிப்பெண்ணும் நின்றன. மேடம் திடீரென வருவார், சற்று நேரம் இருப்பார், போகும்போது ஒன்றே ஒன்று கேட்பார்: "இன்னைக்கு எந்தப் பிள்ளைக்குப் புரியல?" அதற்குப் பதில் தெரிய வேண்டுமென்றே பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கத் தொடங்கினேன். பிறகு விசைப்பலகையை அவர்கள் கையிலேயே கொடுத்தேன். ஏப்ரலில் நிரந்தரமானேன்.

அந்த மகிழ்ச்சியில் வீட்டில் முழுக்கதையையும் சொன்னதுதான் பிழை. இன்றும் கரண்ட் போனால், மெழுகுவத்தியைத் தேடும் முன் தம்பி கேட்பான்: "டீச்சரம்மா, என்ன தெரியுது?" வீடே பதில் சொல்லும்.

போன வாரம் எல்.கே.ஜி. படிக்கும் அவன் மகளின் வகுப்பில் கரண்ட் போயிருக்கிறது. மற்ற பிள்ளைகள் வீறிட்டு அழ, இவள் மட்டும் எழுந்து நின்று "சிவப்பு வட்டம் மிஸ்!" என்றாளாம். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டதற்கு, "எங்க அத்தை, அவுங்களும் மிஸ்தேன்," என்றாளாம்.

திங்கட்கிழமை அந்தப் பள்ளிக்கு என்னை வரச் சொல்லியிருக்கிறார்கள்.