எழும்பு காக்காவின் சொக் இல்லாத ஜீப்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரையுள்ள ஆண்களில் பாதிப்பேருடைய முதுகெலும்பை இடம் மாற்றி வைத்த பெருமை ஒரே ஒரு மனிதரைத்தான் சேரும். அவருடைய சொந்தப் பெயர் அவருடைய மனைவிக்கே மறந்திருக்கும். அண்ணனை நாங்கள் காக்கா என்போம்; எங்களுக்கு அவர் எழும்பு காக்கா.

வயல் வட்டைக்குள் ஆட்களையும் உரத்தையும் ஏற்றிப்போகும் பழைய ஜீப் ஒன்று வைத்திருந்தார். அதன் குலுக்கல் தாங்கும் சொக் அப்சோபர்கள் எந்தக் காலத்திலோ உடைந்து, எண்ணெய் ஒழுகி, வெறும் குழாய்களாகத் தொங்கின. பள்ளம் வந்தால் காக்கா முன்னாலிருந்து "எழும்பு!" என்று கத்துவார். பின்னால் இருப்பவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு சாண் எழும்பிவிட வேண்டும். எழும்பாதவர் அடுத்த நேரத் தொழுகையைக் கதிரையில் உட்கார்ந்துதான் தொழுவார்.

"காக்கா, புதுச் சொக் போட்டா என்ன?" என்று ஒருமுறை கேட்டேன்.

"போட்டா நீங்கெல்லாம் நித்திரை கொள்ளுவீங்க மனே. யான வாறத ஆரு பாக்குற?"

யானை வந்தது. அறுவடைக் காலம், விடியலில் சுபஹு தொழுத கையோடு மச்சான் றவூப் எங்கள் வயல் குடிசையான வாடிக்கு வெளியே பல் துலக்கிக்கொண்டு நின்றான். அவனைத் தூக்கி வரம்பில் அடித்துவிட்டுப் போய்விட்டது. நான் வாடிக்குள் நெல் மூடைகளுக்கு நடுவில் இன்னொரு மூடையாகக் கிடந்தேன். மூடைகள் நடுங்கவில்லை என்பது மட்டுமே வித்தியாசம்.

றவூப்புக்கு இடுப்பு உடைந்திருந்தது. அம்புலன்ஸ் தார் ரோட்டு வரைதான் வருமாம். அதுவரை சேறும் பள்ளமும். போகக்கூடிய ஒரே வாகனம், முதல் நாள் எங்களை ஏற்றி வந்து வாடியடியில் நின்ற காக்காவின் ஜீப்.

"இதுல ஏத்தினா ரோட்டுக்கு உசிரு போகாது, மையித்துதான் போய்ச் சேரும்!" என்று அழுதேன்.

"வாய மூடு," என்றார் காக்கா. "வாடிக் கதவக் கழட்டி அவன அதுல கட்டு. நீங்க மூணு பேரும் கீழ இரிங்க, கதவு உங்கட மடியில. இண்டைக்கு நீங்கதான் சொக்."

அறுவடைக்கு வந்த இருவரும் நானும் இரும்புத் தட்டில் கால் நீட்டி அமர்ந்தோம். ஜீப் நகர்ந்தது. முதல் பள்ளத்தில் காக்கா பழக்கதோஷத்தில் "எழும்பு!" என்று கத்தினார். எங்களுக்கும் அதே பழக்கதோஷம். மூவரும் எழும்பினோம், கதவோடு. றவூப் போட்ட சத்தத்தில் வட்டையிலிருந்த கொக்கெல்லாம் பறந்தன.

காக்கா ஜீப்பை நிறுத்தினார். தோளில் கிடந்த துவாயைச் சுருட்டித் தன் வாய்க்குள் அடைத்துக்கொண்டார். மறுபடி ஓட்டினார்.

பிறகு ஒரு பள்ளத்துக்கும் எச்சரிக்கை இல்லை. ஒவ்வொன்றும் எங்கள் இடுப்பில் இறங்கி, தொடையில் நின்றது. வலியைவிடப் பயம் பெரிதாகி, சாகப்போகிறவரின் காதில் ஓதும் கலிமாவை நான் உரத்துச் சொல்லத் தொடங்கினேன்.

"மச்சான்," என்றான் றவூப், "நான் இன்னும் மௌத்தாகல்ல. மெதுவாச் சொல்லு."

"உனக்கில்லடா, எனக்கு!"

அவன் சிரிக்கப் பார்த்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான். உதடு வெளிறியது. கூப்பிட்டேன், பதில் இல்லை. கண்ணாடியில் காக்காவின் கண் மட்டும் தெரிந்தது. "மூச்சு இரிக்கி காக்கா, போங்க!" என்று கத்தினேன். இருக்கிறதா என்று எனக்கே தெரியாது.

தார் ரோட்டில் அம்புலன்ஸ் நின்றது. கதவோடு அப்படியே கைமாற்றினோம். என் கால்கள் மரத்துப்போய் எழும்ப முடியவில்லை. அறுவடைக்காரர்களில் ஒருவன் அவனோடு போனான்.

வெயில் ஏறிய பிறகுதான் ஆஸ்பத்திரியிலிருந்து போன் கோல் வந்தது. உயிருக்குப் பயமில்லையாம். நொண்டி நொண்டிப் போய் காக்காவிடம் சொன்னேன். அவர் அதுவரை ஸ்டியரிங்கையும் விடவில்லை, துவாயையும் எடுக்கவில்லை. இப்போது எடுத்தார். எடுத்துவிட்டு அழுதார். அந்த மனிதருக்கு அவ்வளவு சின்னக் குரலும் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.