நாலந்தாத் தண்ணீர்

போத்தலுக்குள் எல்லாரும் செத்துப் போயிருந்தார்கள்.

ரபாயேல் மாஸ்டர் நுணுக்குக்காட்டியின் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டு மறுபடியும் குனிந்து பார்த்தார். போன வாரம் அதே போத்தலிலிருந்து ஒரு சொட்டு எடுத்து வைத்தபோது, செருப்பு வடிவத்தில் நூற்றுக்கணக்கான பரமீசியங்கள் சந்தை நாளில் மாத்தளை பஸ் நிலையத்தில் ஓடுகிற சனங்களைப் போல இடித்துப் பிடித்துக்கொண்டு ஓடின. இப்போது வெறும் கலங்கல்தான் தெரிந்தது.

"என்ன மாஸ்டர், மொகம் ஒரு மாதிரி இருக்கு? வீட்டுல யாருக்கும் சொகமில்லையா?" என்று கேட்டார் தையல் படிப்பிக்கும் றஸ்மியா டீச்சர்.

"செத்துட்டாங்க டீச்சர்."

"யா அல்லாஹ்! யாரு?"

"பரமீசியம்."

றஸ்மியா டீச்சர் பதறிப்போய்க் கீழே வைத்த துணியை மறுபடி எடுத்து ஊசி கோர்க்கத் தொடங்கினார்.

சாவுக்கு ஒரு வகையில் அவரும் காரணம். பலாபத்வலைக்குப் பக்கத்தில் ஏ ஒன்பது வீதியோரம் இருந்த அந்தத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆய்வுகூடம் கிடையாது. ஆசிரியர் ஓய்வறையில் ஓர் அலுமாரியும், ஒரு நுணுக்குக்காட்டியும், ரபாயேல் மாஸ்டரும்தான் விஞ்ஞானம். வைக்கோலை அவித்து, ஆறிய தண்ணீரில் வயல் வாய்க்கால் நீரைக் கொஞ்சம் ஊற்றி, வாய் அகன்ற போத்தலில் துணி கட்டி வைத்து அவர் பரமீசியம் வளர்த்தார். பரமீசியம் வளர்ந்தது; நாற்றமும் வளர்ந்தது. றஸ்மியா டீச்சர் பள்ளி அதிபரிடம் முறையிட்டார்.

அதிபர் அழகையா வந்து, வாசலிலேயே நின்று மூக்கைப் பொத்திக்கொண்டார். "மாஸ்டர், இது ஓய்வறையா, மாட்டுப் பட்டியா? மூடியப் போட்டு இறுக்குங்க."

"மூடுனா காத்து போகாது சேர். உள்ள இருக்கிறது உசுருள்ளது."

"வெளிய இருக்கிற நாங்களும் உசுருள்ளவங்கதான்."

மாணவர்களுக்காக அவரே சுவரில் எழுதி ஒட்டியிருந்த விதிகளில் முதலாவது, மூடியை இறுக்காதே என்பது. இரண்டாவது, எதையும் வாயில் வைக்காதே. மூன்றாவது, தொட்டபின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவு. முதல் விதிக்கு முன்னால் நின்றுகொண்டே அவர் மூடியை இறுக்கினார். அன்றைக்கு நாற்றம் நின்றது. மற்றதெல்லாம் பிறகு நின்றது.

சாதாரண நாளாக இருந்திருந்தால் மாஸ்டர் பொறுமையாகப் புதிதாக வளர்த்திருப்பார். ஆனால் கல்வி வலயத்து விஞ்ஞானப் பணிப்பாளர் ஸக்கியா மேடம் அடுத்த வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. ஆசிரியர் கருத்தரங்கு ஒன்றில், "எங்க பிள்ளைங்க எல்லாம் பரமீசியத்த உயிரோட பாத்தவங்க" என்று மாஸ்டர் எழுந்து நின்று சொல்லியிருந்தார். "அப்படியா? நான் வந்து பாக்கணுமே" என்று மேடம் சொல்லிவிட்டார்.

பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பு வரைதான் விஞ்ஞானம் இருந்தது. அதற்கு மேல் படிக்க மாத்தளைக்குப் பஸ் ஏற வேண்டும். வழியெல்லாம் ஆர்மிச் சோதனை, அடையாள அட்டை, கேள்வி. பெற்றோர் பயந்துபோய்ப் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். போன வருஷம் வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளை இப்போது கராம்பு காய வைக்கிற இடத்தில் வேலை செய்தாள். மேடம் பார்த்துத் திருப்திப்பட்டால் ஒன்பதுக்கு அடுத்த சாதாரண தர விஞ்ஞான வகுப்பு இங்கேயே கிடைக்கும். அதனால் செத்தவை சாதாரணப் பூச்சிகள் அல்ல.

மாஸ்டர் வாய்க்காலுக்கு ஓடினார். வயற்காரர் மருந்தடித்துவிட்டு வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"வாய்க்கால்ல எதுவும் உயிரோட இருக்குமா?"

"ஒண்ணும் இருக்காது சேர். அடிச்சது நல்ல மருந்து" என்றார் அவர் பெருமையாக.

ஆகவே சனிக்கிழமை மாஸ்டர் பஸ் ஏறி நாலந்தாவுக்குப் போனார். குளக்கரையில் பாசி படர்ந்த ஓரமாகப் பார்த்து, அழுகிய இலையோடு சேர்த்து ஒரு போத்தல் தண்ணீர் பிடித்தார். துணி கட்டினார். மடியில் குழந்தையைப் போல வைத்துக்கொண்டு திரும்பினார்.

வழியில் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். மாஸ்டரின் முறை வந்தபோது இளம் சிப்பாய் ஒருவன் போத்தலை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தான்.

"என்ன இது?" என்று சிங்களத்தில் கேட்டான்.

"தண்ணீர்" என்றார் மாஸ்டர், அதே பாஷையில்.

"பச்சையா இருக்கு?"

மாஸ்டர் பொய் சொல்லத் தெரியாதவர். விஞ்ஞானம் என்றால் விளக்காமல் இருக்கவும் தெரியாதவர். "உள்ளே கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கின்றன" என்றார்.

சிப்பாய் இரண்டடி பின்னால் போனான். அவன் மேலாளைக் கூப்பிட்டான். மேலாள் வந்தார், மோந்தார், முகத்தைச் சுளித்தார், மாஸ்டரை ஏற இறங்கப் பார்த்தார்.

"பீலா பென்னன்ன" என்றார். குடித்துக் காட்டு என்கிறார்.

ரபாயேல் மாஸ்டருக்குத் தன் இரண்டாவது விதி, தன் சொந்தக் கையெழுத்தில், கண்முன் வந்து நின்றது. அவர் வரிசையில் நின்றவர்களைப் பார்த்தார். ஒருவரும் உதவிக்கு வரவில்லை. கண்டக்டர் மட்டும் வாய் திறந்தான்.

"குடிங்க சேர். பஸ் லேட்டாகுது."

மாஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டு குடித்தார். ஒரு வாய் போதாதென்று இன்னொரு வாயும் குடிக்கச் சொன்னார்கள். ஏதோ வழுவழுப்பாக இறங்கியது. அது என்ன இனமாக இருக்கும் என்று அந்த நிலைமையிலும் அவர் யோசித்தார். அவர் சாகாமல் நிற்பதைக் கண்டு திருப்திப்பட்ட மேலாள், மீதி இருந்ததை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

பள்ளிக்கூடத்துக்கு வந்து, ஆற வைத்திருந்த வைக்கோல் தண்ணீரில் அந்த மீதியைச் சேர்த்தார். போத்தல் இனி ஓய்வறைக்குள் வரக்கூடாது என்று அதிபர் உத்தரவு போட்டிருந்ததால், தேநீர் ஊற்றும் சிறு அறையின் ஜன்னலில் வைக்க வேண்டியதாயிற்று. அந்த அறைக்குப் பொறுப்பு கமலாட்சி. பள்ளிக்கூடத்தைக் கூட்டுவது, தேநீர் ஊற்றுவது, மணி அடிப்பது எல்லாம் அவள்தான்; சனிக்கிழமையும் கூட்ட வந்திருந்தாள்.

"கமலாட்சி, இதுக்கு வெயில் நேராப் படக்கூடாது. மூடி போடக்கூடாது. யாரும் தொடக்கூடாது. இதுல ஒரு சொட்டுக் கொறைஞ்சாலும் நம்ம பிள்ளைங்க படிப்பு போச்சு. விளங்குதா?"

"அப்பிடி என்ன சேர் இதுல இருக்கு?"

"உசுரு."

கமலாட்சி போத்தலைப் பார்த்துக் கையைக் கூப்பினாள்.

அன்றிரவே மாஸ்டரின் வயிறு பேச ஆரம்பித்தது.

"என்னங்க குடிச்சீங்க?" என்று கேட்டாள் மனைவி திரேசம்மா.

"கொளத்துத் தண்ணி."

"தாகமா இருந்தா ஒரு இளநி வாங்கிக் குடிக்கக்கூடாதா? கையில காசில்லையா?"

"ஆர்மிக்காரங்க குடிக்கச் சொன்னாங்க."

"அவங்க சொன்னா? நான் வேலிய சரிபண்ணச் சொல்லி எம்புட்டு நாளாச்சு!"

ஞாயிறு பூசைக்குப் போக முடியவில்லை. திங்கட்கிழமையும் அதற்கு அடுத்த நாட்களும் அவர் வீட்டுக்கும் பின்பக்கக் கொட்டகைக்கும் இடையிலேயே கழித்தார். உடம்பு கட்டிலில் கிடந்தாலும் மனம் ஜன்னலில் இருந்தது. சில்லறைக் கடை புஹாரி நானா பள்ளிக்கூடப் பக்கம் போகும்போதெல்லாம் அவரிடம் சொல்லி அனுப்பினார்.

"போத்தல் பத்திரமான்னு கமலாட்சிக்கிட்ட கேளுங்க நானா."

"கேட்டேன் மாஸ்டர். பத்திரம்னுது. ஆனா கேட்டதும் அந்தப் பிள்ள மொகம் வெளிறிப் போச்சு."

"பொறுப்பு அப்பிடி. பாவம்" என்று மாஸ்டர் நெகிழ்ந்துபோனார்.

வியாழக்கிழமை எழுந்து நடக்க முடிந்தது. பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை போட்டுக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனார். நேரே ஜன்னலுக்குப் போய்த் துணியை அவிழ்த்து மோந்தார். நாற்றம் இல்லை. தண்ணீர் தெளிந்திருந்தது. நாற்றம் இல்லையென்றால் கிருமி இல்லை; கிருமி இல்லையென்றால் தின்னப் பரமீசியத்துக்கு ஒன்றுமில்லை.

ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார்.

பார்த்தவர் நிமிரவில்லை. துளி முழுக்க ஓட்டமும் சாட்டமுமாக இருந்தது. பரமீசியங்கள் சுழன்று சுழன்று போயின. இடையிடையே வாயில் சக்கரம் வைத்த ஏதோ ஒன்று சுற்றியது. ஓர் அமீபா, பாடப் புத்தகத்தில் கூட இத்தனை ஒழுங்காக இருக்காது, காலை நீட்டி நீட்டி நகர்ந்தது. பதினெட்டு வருஷ ஆசிரிய வாழ்க்கையில் அவர் இப்படி ஒரு துளியைக் கண்டதில்லை.

"டீச்சர், வந்து பாருங்க!"

றஸ்மியா டீச்சர் பார்த்தார். "ஓடுறது அழகாத்தான் இருக்கு. முக்கியமா, நாறல."

"நாலந்தாத் தண்ணி டீச்சர். பழைய குளம். அதுல இருக்கிற இனமே வேற" என்றார் மாஸ்டர். தான் குடித்தது வீண்போகவில்லை என்று அவருக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை ஸக்கியா மேடம் ஜீப்பில் வந்து இறங்கினார். வெயில் கொளுத்தியது. அதிபர் அழகையா கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்துப் பெயர் சொன்னார்கள். ஒவ்வொருவரும் பார்த்து முடித்ததும் வெளியே போய்ச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினார்கள். மேடம் அதைக் கவனித்துத் தலையாட்டினார். பிறகு அவரே குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"மாஷா அல்லாஹ்! இவ்வளவு அடர்த்தியா நான் கம்பஸ்ல கூட பாக்கல மாஸ்டர். எங்க எடுத்தீங்க?"

"நாலந்தாக் குளம் மேடம். நானே போய் எடுத்தேன்." கொஞ்சம் நிறுத்தி, "கஷ்டப்பட்டுத்தான்" என்றார்.

"மத்தப் பள்ளிக்கூடங்களுக்கும் காட்டணும். ஒரு போத்தல் தாங்க." பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "ஆனா ஒண்ணு, பிள்ளைகளே. இந்தத் தண்ணி ஒரு சொட்டுக்கூட வாயில படக்கூடாது. பட்டா வயித்து வருத்தம்தான்."

"ஆமா மேடம்" என்றார் மாஸ்டர், பிள்ளைகளை முந்திக்கொண்டு.

அதற்குப் பிறகு அதிபரின் அறையில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். வருஷத் தொடக்கத்திலிருந்து சாதாரண தர விஞ்ஞான வகுப்பை நடத்தலாம் என்று மேடம் வாயால் சொல்லிவிட்டார். அதிபர் ரபாயேல் மாஸ்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கமலாட்சி தட்டில் தண்ணீர் கொண்டுவந்தாள். வெயிலில் களைத்திருந்த மேடம் ஒரு கிளாசை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "சில்லுன்னு நல்லா இருக்கு, இன்னொண்ணு தாங்க" என்று வாங்கிக் குடித்தார். அதிபர் குடித்தார். மாஸ்டரும், ஒரு வாரமாகத் தண்ணீரையே பயந்து பார்த்தவர், இன்றைக்குச் சந்தோஷத்தில் ஒரு கிளாஸ் குடித்தார்.

ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு போய் மறைந்தது. மாஸ்டர் வாசற்படியில் நின்று அது போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். கராம்பு காய வைக்கிற அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு இன்றைக்கே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார்.

கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த கமலாட்சி தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"அழாத கமலாட்சி. எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சு. நீ போத்தல பத்திரமாப் பாத்ததாலதான்" என்றார் மாஸ்டர்.

"அதில்ல சேர், அந்த அம்மா போகட்டும்னுதான் இம்புட்டு நேரம் வாயத் தொறக்கல… நீங்க கொண்டாந்த தண்ணியத் திங்கக்கிழமையே பூனை தட்டி வுட்டுருச்சு, ஏசுவீங்கன்னு பயந்து நாம குடிக்கிற டேங்கியில இருந்துதான் புடிச்சு வச்சேன்."