விஷமில்லாப் பேத்தை

சுகாதார அதிகாரி நிஷினோ பெட்டியின் பூட்டை இழுத்துப் பார்த்தார். "நல்லாப் பூட்டியிருக்கு."

பெட்டிக்குள் இருந்தவை ஹொசுமி தன் பண்ணையில் வளர்த்த, பந்துபோல் உப்பும் பேத்தை மீன்களின் கல்லீரல்கள். கடலில் பிடிக்கும் பேத்தையைச் சரியாக அறுக்காவிட்டால் தின்றவர் உயிரே போகும்; ஆனாலும் ஜப்பானில் அது பெரிய விருந்து. மீனின் சதையை உணவகங்களுக்கு விற்கலாம். வெண்ணெயாய் உருகும் கல்லீரலை மட்டும் விஷம் என்று பூட்டி வைத்து எரித்துவிட வேண்டும். அதுதான் சட்டம்.

"இதுல விஷமே இல்ல சார்." பேத்தையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஹொசுமி நிறுத்தமாட்டார். "பேத்தை விஷத்தோட பிறக்கறதில்ல. கடல்ல நத்தை, நட்சத்திர மீன்னு தின்னுதான் விஷத்தைச் சேர்த்துக்குது. நான் போடற தீனியில அது ஏது?"

"வலைக்குள்ள ஒரு நத்தை நுழைஞ்சுட்டா?"

சிரித்துவிட்டு வேலையைப் பார்த்திருக்கலாம். ஹொசுமிக்கோ அது நியாயமான கேள்வியாகப் பட்டது. கடலில் கிடந்த வலைக்கூண்டுகளைக் கழற்றிவிட்டு, கரையில் தொட்டிகள் கட்டினார். கடல்நீரை மணலில் வடிகட்டி நிரப்பினார்.

"மணலுக்கும் தப்பி நத்தை முட்டை வந்துட்டா?" என்றார் நிஷினோ அடுத்த முறை.

ஹொசுமி குழாய்த் தண்ணீரில் உப்பைக் கரைத்துத் தானே ஒரு கடலைத் தயாரித்தார். இடநெருக்கடியில் மீன்கள் ஒன்றின் வாலை ஒன்று கடித்தன. அவர் மனைவி தமயோ ஒவ்வொன்றாகப் பிடித்துப் பல்லை நறுக்கினாள்.

"ஊர்ல எல்லாப் பொம்பளைங்களும் மீன் கழுவுறாங்க. நான் மீனுக்குப் பல் டாக்டர்! விட்டுத் தொலைங்களேன். கல்லீரல விக்காம நல்லாத்தானே இருந்தோம்?"

"இன்னும் ஒரே ஒரு சோதனை, தமயோ."

சோதனையில் ஒரு மீனிலும் விஷத்தின் சுவடுகூட இல்லை. நிஷினோ எழுந்து நின்று தலை தாழ்த்தி வணங்கினார்.

"பிரமாதம்! ஆனா சட்டம் பேத்தைக் கல்லீரல்னுதான் சொல்லுது. எந்தத் தொட்டிப் பேத்தைன்னு கேக்கல. நான் சட்டம் எழுதறவன் இல்ல ஐயா, பூட்டை இழுத்துப் பாக்கறவன்."

ஆத்திரத்தில் ஹொசுமி நேரே பத்திரிகைக்காரர்களிடம் போனார். 'நம்மூர்ப் பேத்தையில் விஷமே இல்லை' என்று அவர் படத்தோடு கொட்டை எழுத்தில் செய்தி வந்தது. இனி சட்டம் வளையாமல் எங்கே போகும் என்று காத்திருந்தார்.

சட்டம் வளையவில்லை. குளிர்காலம் வந்தது. பேத்தைக்கு அதுதான் பருவம். ஆனாலும் ஒரு உணவகத்திலிருந்தும் அழைப்பு இல்லை. கடைசியில், தன்னிடம் வருஷக்கணக்காக மீன் வாங்கிய சமையல்காரர் ஒகினோவைத் தேடி, மீன்பெட்டியைச் சுமந்துகொண்டு அவரே போனார். ஒகினோ கடலில் பிடித்த பேத்தை ஒன்றை அறுத்துக்கொண்டிருந்தார்.

"என் மீன்ல என்னப்பா குறை?"

"ஒரு குறையும் இல்லண்ணே. அதைத்தான் பேப்பர்லயே போட்டுட்டீங்களே."

"அப்புறமென்ன? உன் கடைக்கு வர்றவங்க பயமில்லாமச் சாப்பிடலாமே!"

ஒகினோ கத்தியைக் கீழே வைத்தார். உள்ளே மேசைகளில் சிரிப்பு வெடித்துக்கொண்டிருந்தது.

"இங்க யாரும் மீன் சாப்பிட வர்றதில்லண்ணே. மறுநாள் காலையில உயிரோட கண்ணு முழிச்சுப் பாக்கறதுக்குத்தான் வர்றாங்க."