கார்டும் பதினோரு பெட்டிகளும்

விழுப்புரத்தில் பிறந்தவர்கள், பிழைக்க வந்தவர்கள், ரயில் மாற வந்து வண்டியைத் தவறவிட்டவர்கள் என்று எல்லாரையும் வரிசையில் நிறுத்தினாலும், பின்னால் நடப்பதற்கென்றே பிறந்தவர் என்று எங்கள் கார்டு ஒருவரைத்தான் காட்ட முடியும். அவர் எந்த இடத்துக்குள்ளும் முதல் ஆளாக நுழைந்ததில்லை. கல்யாணப் பந்தியில் கடைசி இலை அவருடையது. பஸ்ஸில் கடைசியாக ஏறுவார், ஏறியதும் கண்டக்டர் வாயைத் திறப்பதற்கு முன்னால் இவர் "ரைட்!" என்பார். அதற்காக ஒரு கண்டக்டர் கோபப்பட்டு அவரைக் கண்டமங்கலத்தில் இறக்கிவிட்டதாகவும், அங்கே இறங்க வேண்டியவர்கள் எல்லாரும் இறங்கும்வரை காத்திருந்து கடைசியாகத்தான் இவர் இறங்கினார் என்றும் எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு.

அவருக்குக் கூட்ஸ் வண்டியில் கார்டு உத்தியோகம். பெயர் என்னவென்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. தெருவுக்கு அவர் கார்டு, அவர் மனைவி கார்டம்மா, பிள்ளைகளுக்கு அவர் கார்டு மாமா. சொந்த ஊர் பனமலைப் பக்கம். அங்கே நிலத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கினால் ஒரு மூட்டை இங்கே வரும், தெருவே உட்கார்ந்து உரித்துத் தின்னும். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஆனால் தெருவில் இருந்த அத்தனை பிள்ளைகளும் அந்த வீட்டில்தான் கிடந்தன. அவற்றில் ஒன்று எங்கள் மகள் ஜெனி.

டூட்டியில் கார்டாக இருப்பவர்கள் ஆயிரம் பேர். வீட்டிலும் கார்டாக இருந்தவர் இவர் ஒருவர்தான். கார்டம்மா மார்க்கெட்டுக்குக் கிளம்பினால் வாசலில் நின்று பச்சைக் கொடி ஆட்டுவார். சண்டை முற்றினால் சிவப்புக் கொடி. "அந்தக் கொடியக் கீழ போடுறியா, இல்ல அடுப்புல வெச்சிக் கொளுத்தட்டா?" என்று கார்டம்மா கத்துவது நாலாவது வீட்டில் இருக்கும் எங்களுக்குக் கேட்கும்.

ஒருமுறை தெருவில் மாப்பிள்ளை அழைப்பு. வழக்கம்போல ஊர்வலத்துக்குப் பின்னால் நின்ற கார்டு, எல்லாம் தயார் என்று தானாகவே முடிவு செய்து விசில் ஊதிவிட்டார். பேண்டு வாத்தியம் நகர்ந்தது. விளக்குகள் நகர்ந்தன. பூ ஜோடித்த காரும் நகர்ந்தது. மண்டப வாசலில் ஆரத்தித் தட்டோடு குனிந்தவர்கள்தான் காருக்குள் யாரும் இல்லை என்று கண்டுபிடித்தார்கள். மாப்பிள்ளை கோயில் தூணுக்குப் பின்னால் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். பெண்ணின் அப்பா கார்டின் சட்டையைப் பிடித்தபோது அவர் அமைதியாகச் சொன்னார்: "கடைசி ஆளு வந்தாச்சா இல்லியா, அத மட்டுந்தாங்க நான் பாப்பேன். முன்னால யாரு இல்லன்னாலும் அது என் டூட்டி கெடையாது."

இதைக் கேட்டு நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். என் முறை வரப்போவது அப்போது தெரியாது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கோடை விடுமுறை. திண்டிவனம் தாண்டி, புதுச்சேரி சாலையில் கிளியனூர்ப் பக்கம் ஒரு தீம் பார்க் திறந்திருக்கிறார்கள் என்று தெருவில் செய்தி வந்தது. அதன் பெயர் வேண்டாம்; இன்று அது இல்லை. நாலு குடும்பம் சேர்ந்து ஒரு வேன் பிடித்தோம். பெரியவர்கள் ஒன்பது பேர், பிள்ளைகள் பதினொன்று. எங்கள் ஜெனிதான் கடைக்குட்டி, ஐந்து வயது. பயணப் பொறுப்பு யாரும் கொடுக்காமலேயே கார்டுக்குப் போய்விட்டது.

குழப்பம் வேன் கிளம்பும் முன்பே ஆரம்பித்தது. கண்டமங்கலம் வழியாகப் புதுச்சேரி போய்த் திரும்பலாம் என்றார் டிரைவர். "அது பிராஞ்ச் லைன். நம்ம மெயின் லைன்லதான் போவணும்" என்றார் கார்டு. ரோட்டில் எது மெயின் லைன் என்று டிரைவருக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. கடைசியில் திண்டிவனம் வழியாகவே போனோம்.

ஏறும் முன் பிள்ளைகளை உயரப்படி வரிசையாக நிறுத்தினார். ஜெனியின் முதுகில் ஒரு மஞ்சள் அட்டையை ஊக்கு வைத்துக் குத்தினார். அதில் கறுப்பு எழுத்தில் 'எல்.வி.' என்று இருந்தது. அப்புறம் எங்கள் பக்கம் திரும்பினார்.

"சார், ரயிலுல கடைசிப் பெட்டிக்குப் பின்னால இந்த போர்டு தொங்கும், லாஸ்ட் வெஹிகிள்னு அர்த்தம். வண்டி ஸ்டேசன தாண்டிப் போவும்போது ஸ்டேசன் மாஸ்டர் ஒவ்வொரு பெட்டியா எண்ணிக்கினு நிப்பாரா? நிக்க மாட்டாரு. இந்த போர்டு போவுதான்னு பாப்பாரு. போர்டு போச்சின்னா முழு வண்டியும் போச்சின்னு அர்த்தம். பதினோரு புள்ளைங்கள எண்ணிக்கினு இருந்தா பேஜாரு சார். ஜெனி வந்துட்டான்னா வண்டி கம்ப்ளீட்!"

எனக்குக்கூட அது புத்திசாலித்தனமாகத்தான் பட்டது. என் மகளுக்குப் பதவி கிடைத்த பெருமையில் இருந்தேன்.

பிள்ளைகளுக்கும் பாடம் நடந்தது. "வண்டி ரெண்டாப் பிரிஞ்சிப் போச்சின்னா பின்னால இருக்கற பெட்டி இன்னா பண்ணணும்?"

"நின்ன எடத்துலயே நிக்கணும்!"

"யாரு வருவாங்க?"

"கார்டு வருவாரு!"

தீம் பார்க்கைப் பற்றி என்ன சொல்ல? வாசலில் சிமெண்ட்டில் ஒரு டைனோசர் நின்றது. வாலுக்குச் சிமெண்ட் போதவில்லை போலிருக்கிறது, கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே எங்கு பார்த்தாலும் அம்புக்குறிகள். நீச்சல் குளம் என்று போட்ட அம்பைப் பிடித்துப் போனால் கேன்டீன் வந்தது. ராட்டினம் என்று போட்ட அம்பைப் பிடித்துப் போனாலும் கேன்டீன் வந்தது. கழிப்பறை அம்பை நம்பிப் போக எனக்குத் தைரியம் வரவில்லை. என் மனைவி மேரி புளிச்சோற்றுத் தூக்கோடு ஒரு பக்கம், நான் ஈரத்துண்டுகளோடு ஒரு பக்கம் என்று இரண்டு மணி நேரம் ஒருவரையொருவர் தேடினோம். கண்டுபிடித்த இடம் கேன்டீன்.

கார்டுக்கு மட்டும் குழப்பமே இல்லை. அங்கே ஒரு பொம்மை ரயில் ஓடியது. "எல்.வி. போர்டு இல்லாம எப்படிங்க வண்டி எடுக்கறீங்க?" என்று அதை ஓட்டியவரிடம் சண்டைக்கு நின்றார். சமாதானமாக, ஜெனியைக் கடைசிப் பெட்டியில் உட்காரவைத்த பிறகுதான் ரயில் நகர்ந்தது. இவர் பின்னாலேயே பச்சைக் கொடியை ஆட்டிக்கொண்டு ஓடினார். ஆறு சுற்று. ஜெனி சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

சாயங்காலம் மூடும் நேரத்துக்கு மணி அடித்தார்கள். கார்டு வேன் கதவருகே கொடியோடு நின்றுகொண்டார். தள்ளுமுள்ளு, ஈரத்துணி, அழுகை, காணாமல் போன செருப்பு. பெண்கள் முன்னால், ஆண்கள் நடுவில், பிள்ளைகள் கார்டின் பொறுப்பில் பின்னால் என்பது அவர் போட்ட சட்டம். மஞ்சள் போர்டு ஏறியது. "வண்டி கம்ப்ளீட்!" என்று கூவி விசில் ஊதினார்.

வேன் நகர்ந்ததுமே பிள்ளைகள் துண்டுகளுக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூங்கிவிட்டன. கார்டு வழக்கம்போலப் பின்கண்ணாடி வழியாக, வந்த ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார். எல்லாருக்கும் முதுகு காட்டி.

திண்டிவனத்தில் டீக்கு நிறுத்தினோம்.

"ஜெனிக்கு ஒரு பால் வாங்கிக் குடுங்க" என்றாள் மேரி.

"எழுப்பிக்கினு வா, வாங்கலாம்" என்றேன்.

"நீங்கதானே நடுவுல வெச்சிக்கினு இருந்தீங்க?"

"நானா? உன் மடியில இல்ல?"

இரண்டு பேரும் பின்னால் ஓடித் துண்டுகளைப் பிடுங்கினோம். பிள்ளைகளை எண்ணினேன். பத்து. மறுபடி எண்ணினேன், பன்னிரண்டு. தூக்கக் கலக்கத்தில் இந்தப் பக்கம் இறங்கியவை அந்தப் பக்கம் ஏறிக்கொண்டிருந்தன. அப்போது கார்டம்மா எங்களைத் தாண்டி மெல்ல நடந்து போனார். அவர் ரவிக்கையின் முதுகில் மஞ்சள் போர்டு தொங்கியது. எல்.வி.

அவருக்கு மூட்டுவலி, எங்கேயும் கடைசியாகத்தான் வந்து சேருவார். எதிர்வீட்டுச் சிறுமி ஒருத்தி கண்ணைக் கசக்கிக்கொண்டே சொன்னாள்: "ஜெனிதான் அத்தைக்குக் குத்திவிட்டா. யாரு கடைசியா வராங்களோ அவங்கதான் கடைசிப் பெட்டியாம்."

கார்டின் தோளைப் பிடித்து உலுக்கினேன். "யோவ், உன் பொண்டாட்டிக்கும் என் பொண்ணுக்கும் வித்தியாசம் தெரியாதாய்யா உனக்கு?"

"போர்டத்தான் சார் பாத்தேன்..." என்றார். "போர்டு எந்தப் பெட்டியில மாட்டியிருக்குதுன்னு யாரு சார் பாப்பாங்க..."

அடுத்த நிமிடம் அவரைக் காணவில்லை. புதுச்சேரி சாலையில் திரும்பிய ஒரு காலிக்கூடை லாரியின் பின்கதவில் தொற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். அப்போதும் பின்னால்தான்.

நாங்கள் டிரைவரைத் தேடினோம். மூன்றாவது ஓட்டலில் பரோட்டாவும் கையுமாக இருந்தார். "இன்னா சார், இப்பத்தானே இலையில கை வெச்சேன்" என்றவரை அப்படியே தூக்கி வந்தோம். மேரி மாதாவைக் கூப்பிட்டு அழுதுகொண்டே வந்தாள். எனக்குக் கார்டைக் கொல்ல வேண்டும் போலிருந்தது. அதே சமயம், பெற்ற மகள் ஏறினாளா என்று திரும்பிப் பார்க்க எனக்கு என்ன கேடு என்றும் தோன்றியது. யார்மேல் முதலில் கோபப்படுவது என்று தெரியவில்லை. வழியெல்லாம் சாலை ஓரத்தில் நடந்த சின்னப் பெண்கள் எல்லாரும் ஜெனியாகவே தெரிந்தார்கள்.

பார்க் வாசலில் டிக்கெட் கிழிக்கும் அம்மா நின்றிருந்தார். "உங்க பொண்ணா சார் அது? அந்தப் பொம்மை ரயிலுல ஏறிக் கடைசியில ஒக்காந்துக்கினு, எறங்க மாட்டேங்குது. பன்னு குடுத்தா வாங்கிச்சி. ஆபீசுக்கு வான்னா, 'நான் பெட்டி, நகரக் கூடாது'ங்குது. எனக்கு ஒண்ணும் வெளங்கல. இப்ப ஒரு ஆளு வந்தாரு பாருங்க, அவரு அதுக்கு மேல. எதுத்தாப்ல மண்டி போட்டுக்கினு அழுவறாரு."

நான் ஓடினேன். பின்னால் கார்டம்மா கூப்பிட்டார். "தம்பி, என்னால ஓட முடியல. இத அந்த மனுசங்கிட்ட குடுத்துடுங்க." என் கையில் கார்டின் விசிலைத் திணித்தார். அவசரத்தில் கார்டு அதை வேனிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்.

ஜெனி கடைசிப் பெட்டியில் பன்னைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் அழுது காய்ந்த கோடு. எதிரே கார்டு.

"எறங்கு கண்ணு. மாமா வந்துட்டேன் பாரு."

"விசிலு ஊதுங்க மாமா. அப்பதான் வருவேன்."

அவர் இரண்டு விரலை வாயில் வைத்து ஊதிப் பார்த்தார். உதடு நடுங்கியதில் வெறும் காற்றுதான் வந்தது. மறுபடி ஊதினார். மறுபடியும் காற்று.

அவரை அறையத்தான் போனேன். கை போய் விசிலை நீட்டிவிட்டது. அவர் வாங்கவில்லை. "எனக்கு இனிமே அந்த யோக்கியதை இல்ல சார். நீங்களே ஊதுங்க" என்றார். நான் ஊதினேன். பாதி எச்சில், பாதி சத்தம்.

"அப்பாவுக்கு ஊதத் தெரியல" என்று ஜெனி சிரித்துவிட்டாள். "மாமா, நீங்க."

கார்டு சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஊதினார். ஜெனி இறங்கி வந்து அவருடைய சுண்டு விரலைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. பிறகுதான் அவளைத் தூக்கி அணைத்துக்கொண்டு நானும் அழுதேன்.

வேனில் கார்டு ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். பதினொன்று. மறுபடியும் பதினொன்று. மூன்றாவது தடவை எண்ணிவிட்டு டிரைவர் தலையையும் தொட்டார். விழுப்புரம் வரும்வரை அவர் பின்கண்ணாடி பக்கம் திரும்பவே இல்லை. பிள்ளைகளைப் பார்த்தபடியே உட்கார்ந்து வந்தார்.

இதெல்லாம் நடந்து இருபது வருஷம் ஆகப்போகிறது. கார்டு ரிட்டயராகிப் பனமலைக்கே போய்விட்டார். ஜெனி கல்யாணத்துக்குக் கார்டம்மாவோடு வந்திருந்தார். காது மந்தம், கையில் தடி. பூசை முடிந்து சர்ச் வாசலில் எல்லாரும் வேனில் ஏறிவிட்டோம். மாப்பிள்ளைக்குப் பசி. "இன்னும் யாருக்கு வெயிட்டிங்? ஜல்தியா எடுங்க" என்று டிரைவரை அவசரப்படுத்தினார்.

பட்டுப்புடவையோடு ஜெனி எட்டி டிரைவரின் தோளைத் தட்டினாள். "இருங்கண்ணா. இன்னும் விசில் வரல."

நான் திரும்பிப் பார்த்தேன். வேனுக்குப் பின்னால், வெயிலில், அவர் ஒவ்வொரு ஜன்னலாகத் தடியை நீட்டி எங்களை எண்ணிக்கொண்டிருந்தார். நடுவில் விட்டுப்போய் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அவர் எண்ணி முடிக்கட்டும் என்று நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.